லினக்ஸ் கணினியில் டயல்-அப் மோடம்: ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்து இணைப்பது எப்படி

பரணில் இருந்து, தொலைபேசி லைன் வழியே கணினியை இணைக்கும் பழைய மோடத்தை இறக்கி, தூசி தட்டி, லினக்ஸ் கணினியில் செருகுகிறவர்கள் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நேராக ஓர் இணைப்பு மென்பொருளைத் திறந்து, தொலைபேசி எண், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இணைக்கச் சொல்கிறார்கள். இணையவில்லை. அப்புறம் என்ன செய்வது என்று தெரிவதில்லை, ஏனென்றால் எங்கே அறுந்தது என்றே தெரியாது. கேபிளா, போர்ட்டா, அனுமதியா, டயல் டோனா, மறுமுனையா? முதல் தடவை நானும் அப்படித்தான் மூன்று இரவுகள் உட்கார்ந்திருந்தேன்.

டயல்-அப் இணைப்பு, அதாவது ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து ஏற்படுத்தும் கணினி இணைப்பு, ஒரு சங்கிலி. கணினி போர்ட்டோடு பேசுகிறது, போர்ட் மோடத்தோடு, மோடம் தொலைபேசி லைனோடு, லைனின் மறுமுனையில் இன்னொரு மோடம், அதற்குப் பின்னால் இன்னொரு கணினி. இதில் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகக் கையால் சோதிக்கலாம். இந்தக் கட்டுரையில் நாம் போகப்போவது அந்த வழியில்தான். ஒரு படியில் பதில் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இன்றைக்கு இது யாருக்குத் தேவை என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. ஆனாலும் தூரத்தில் இருக்கும் ரவுட்டரை, அதன் இணையம் விழுந்த நேரத்தில் அணுகுவதற்குத் தொலைபேசி லைனில் ஒரு மோடத்தை வைத்திருக்கிற நிர்வாகிகள் இருக்கிறார்கள். தொலைபேசி வழியே இன்னும் அழைப்பு ஏற்கும் பிபிஎஸ் பலகைகள் (அழைப்பவர்கள் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் கணினி அறிவிப்புப் பலகைகள்) இருக்கின்றன. வீட்டிலேயே இரண்டு கணினிகளை இரண்டு மோடங்களால் இணைத்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். வலையமைப்பின் அடிப்படையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கருவி வேறு இல்லை என்பது என் எண்ணம். இங்கே ஒவ்வொரு அடுக்கையும் காதால்கூடக் கேட்கலாம்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் அடிக்க வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடத்தில் எந்தச் சொல்லின் முதலெழுத்து என்று சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டுகள் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தை வைத்து எழுதப்பட்டவை. உபுண்டு, மின்ட் ஆகியவற்றிலும் கிட்டத்தட்ட இப்படியேதான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை. வைஃபையோ மொபைல் இணைப்போ இருக்கும்போதே மினிகாம் (மோடத்தோடு நேரடியாகப் பேசும் நிரல்), பிபிபி (தொலைபேசி லைனில் இணையத் தரவைக் கொண்டுபோகும் நெறிமுறைக்கான நிரல்), பிபிபிகான்ஃபிக் (பிபிபியை அமைத்துத் தரும் கருவி) என்ற மூன்று பொதிகளையும் நிறுவிக்கொள்ளுங்கள். மோடம் வேலை செய்த பிறகு அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், மோடத்தை வேலை செய்ய வைக்கும் கருவியே கையில் இருக்காது.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை மோடம்?

பாதிப் பேருடைய சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும், அல்லது இங்கேயே தீராது என்று தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உண்மையான மோடத்துக்குள் இரண்டு மூளைகள் உண்டு. ஒன்று, கணினி அனுப்பும் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் கட்டுப்பாட்டுச் சிப். மற்றொன்று, எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் சமிக்ஞைச் சிப். 1990-களின் பிற்பகுதியில் விலையைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் இந்தச் சிப்களில் ஒன்றையோ இரண்டையுமோ எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கணினியின் செயலியிடமே ஒப்படைத்தார்கள். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதினார்கள். இவற்றுக்குத்தான் வின்மோடம் என்று பெயர் வந்தது. லூசன்ட், கோனெக்ஸன்ட், ஸ்மார்ட்லிங்க், பிசிடெல் சிப்கள் கொண்ட பல பிசிஐ அட்டைகளும், பழைய மடிக்கணினிகளுக்குள் இருந்த மோடங்களில் பெரும்பாலானவையும் இந்த ரகம்.

இவற்றில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வந்தது. ஸ்மார்ட்லிங்க் மோடங்களுக்கு எஸ்எல்மோடம்டி என்ற நிரல் உண்டு. அதன் மையப் பகுதி மூலநிரல் இல்லாத, 32 பிட்டுக்கு மட்டும் தொகுக்கப்பட்ட கோப்பு. மற்ற டிரைவர்கள் பலவும் பழைய கெர்னல்களோடு (லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகளோடு) நின்றுபோனவை. புதிதாக வருகிறவர் இந்த வழியில் போக வேண்டாம் என்றே சொல்வேன். பழைய சாமான் கடை ஒன்றில் மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிய பிசிஐ அட்டை இந்த ரகம்தான். மேலே சொன்ன மூன்று இரவுகளும் அதோடு போனவை.

அப்படியானால் எதை எடுப்பது? சீரியல் கேபிளில் இணைக்கும் வெளிப்பெட்டி மோடம் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சீரியல் கேபிள் வழியே கட்டளைகளும் தரவும் மட்டும்தான் போக முடியும் என்பதால், மூளை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தே தீர வேண்டும். யூஎஸ்பி மோடங்களில் கவனம் தேவை. உள்ளே கட்டுப்பாட்டுச் சிப் உள்ளவை லினக்ஸில் டிரைவர் எதுவும் நிறுவாமலே வேலை செய்யும். யூஎஸ் ரோபாட்டிக்ஸ் 5637 அப்படிப்பட்டது. வாங்கும் முன் விற்பவரிடம் அதன் மாடல் எண்ணைக் கேளுங்கள். பெட்டியில் லினக்ஸ் அல்லது மேக் என்று போட்டிருந்தால் நல்ல அறிகுறி.

செருகி, பெயரைக் கண்டுபிடிப்பது

கணினியில் 9 ஊசி சீரியல் போர்ட் இருந்தால் வெளிமோடத்தை அதில் நேராக இணைக்கலாம். இல்லாவிட்டால் யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று வேண்டும். கேபிள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மோடத்துக்கு வேண்டியது ஊசிக்கு ஊசி நேராகப் போகும் கேபிள். இரண்டு கணினிகளை இணைக்கப் பயன்படும் நல்-மோடம் கேபிள் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும். உள்ளே வயர்கள் குறுக்காகப் போவதால் அதில் மோடம் பதிலே சொல்லாது.

லினக்ஸில் ஒவ்வொரு போர்ட்டும் டெவ் என்ற கோப்புறையில் ஒரு கோப்பாகத் தெரியும். பெயர்கள் டிடிஒய் என்று ஆரம்பிக்கும். டெலிடைப் என்ற பழைய கருவியின் பெயரில் இருந்து வந்த சுருக்கம் அது. விண்டோஸில் காம்1 என்று அழைக்கப்படும் முதல் சீரியல் போர்ட் இங்கே டிடிஒய்எஸ்0. காம்2 என்பது டிடிஒய்எஸ்1. எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிப்பதை மறக்க வேண்டாம். யூஎஸ்பி மோடம் டிடிஒய்ஏசிஎம்0 என்றும், யூஎஸ்பி-சீரியல் மாற்றி டிடிஒய்யூஎஸ்பி0 என்றும் வரும்.

யூஎஸ்பி என்றால் பெயரைத் தேட வேண்டியதே இல்லை. மோடத்தைச் செருகிவிட்டு, முனையத்தில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) நிர்வாகி அனுமதியோடு டிமெஸ்ஸேஜ் கட்டளையை (டி, எம், ஈ, எஸ், ஜி) அடியுங்கள். கடைசி வரிகளில் கெர்னல் தானே பெயரைச் சொல்லியிருக்கும். எந்தப் பெயரும் வராமல், ஏதோ ஒரு யூஎஸ்பி சாதனம் செருகப்பட்டது என்று மட்டும் வந்தால் அது வின்மோடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அனுமதியும், குறுக்கே நிற்கும் நிரலும்

சாதாரணப் பயனர் சீரியல் போர்ட்டைத் திறக்க முடியாது. டெபியனில் டயல்அவுட் என்ற குழுவில் உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிர்வாகி அனுமதியோடு ஆட்யூசர் என்று அடித்து, இடம் விட்டு உங்கள் பயனர் பெயர், இன்னொரு இடம் விட்டு டயல்அவுட். அதே முறையில் டிப் என்ற குழுவிலும் சேர்ந்துவிடுங்கள், பின்னால் தேவைப்படும். ஆர்ச் லினக்ஸில் சீரியல் போர்ட்டுக்கான குழுவின் பெயர் யூயூசிபி. முடித்ததும் கணக்கில் இருந்து வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். இதைச் செய்யாமல் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

அடுத்தது மோடம்மேனேஜர். மொபைல் டாங்கிள்களுக்காகப் பல விநியோகங்களில் முன்பே நிறுவப்பட்டிருக்கும் நிரல் இது. புதிதாக ஒரு போர்ட் தென்பட்டதும் அதில் தானே கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்களும் பேசினால் பதில்கள் குழம்பும், அல்லது போர்ட் வேறொருவர் பிடியில் இருக்கிறது என்று வரும். சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் இந்தச் சேவையை நிறுத்திவிடுங்கள்.

மோடத்தோடு முதல் பேச்சு

மினிகாமைத் திறந்து போர்ட்டை அமைக்க வேண்டும். மினிகாம் என்று அடித்து, இடம் விட்டு, சிறுகோடும் எஸ் எழுத்தும் சேர்த்து நிர்வாகி அனுமதியோடு தொடங்கினால் அமைப்புப் பட்டியல் வரும். சீரியல் போர்ட் பகுதியில் உங்கள் போர்ட்டின் பெயரைக் கோப்புறையோடு சேர்த்து முழுமையாக எழுதுங்கள். வேகம் 115200. ஹார்ட்வேர் ஓட்டக் கட்டுப்பாடு (தரவு நிரம்பி வழியாமல் இடையில் நிறுத்திவைக்கும் முறை) 'ஆம்', மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு 'இல்லை'. இயல்பு அமைப்பாகச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

56 கே மோடத்துக்கு ஏன் 115200? இந்த எண் கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். லைனில் போகும் வேகம் வேறு. மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால், லைனில் போவதைவிட வேகமாகக் கணினி அதற்கு ஊட்ட வேண்டும். இந்த வேறுபாட்டை இப்போதே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் ஒரு குழப்பம் மிச்சம்.

இப்போது வெறும் திரை முன்னால் இருக்கிறது. ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளை அடியுங்கள். அட்டென்ஷன் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் அவை. என்டர் தட்டுங்கள். மோடம் ஓகே என்று பதில் சொன்னால், கணினி, போர்ட், கேபிள், அனுமதி, மோடத்தின் மூளை எல்லாமே சரியாக இருக்கின்றன. எனக்கு முதன்முதலாக அந்த இரண்டு எழுத்துகள் திரையில் வந்தபோது கிடைத்த சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த ஏடி கட்டளைகள் 1981-இல் வந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடத்தில் இருந்து வருகின்றன. அந்த மோடத்தின் வேகம் நொடிக்கு 300 பிட். அதற்குப் பிறகு வந்த கிட்டத்தட்ட எல்லா மோடமும் அதே மொழியைத்தான் பேசுகின்றன. உங்கள் கைபேசிக்குள் இருக்கும் மோடம்கூட இதன் வாரிசுக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும்.

ஓகே வரவில்லையா? நீங்கள் அடிப்பதே திரையில் தெரியவில்லை என்றால் மோடத்தின் எதிரொலி அணைந்திருக்கலாம். ஏடி எழுத்துகளை அடுத்து ஈ எழுத்தும் 1-ம் சேர்த்து அடித்துப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் வராவிட்டால் போர்ட் பெயர் தவறு, அல்லது கேபிள் தவறு. வெளிமோடம் என்றால் முன்பக்க விளக்குகளைப் பாருங்கள். எம்ஆர் விளக்கு எரிந்தால் மோடம் தயார். மினிகாமைத் திறந்ததும் டிஆர் விளக்கு எரிந்தால் கணினி அந்தப் போர்ட்டைத்தான் திறந்திருக்கிறது. டிஆர் அசையவே இல்லை என்றால் வேறு போர்ட்டோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பதில் வந்த பிறகு ஏடிக்கு அடுத்து ஐ எழுத்தும் 3 என்ற எண்ணும் போட்டுப் பாருங்கள், பல மோடங்கள் தங்கள் பெயரைச் சொல்லும். ஏடி, & குறி, எஃப் எழுத்து சேர்ந்தால் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும். இரண்டாம் கை மோடத்தில் முன்னவர் என்னென்ன மாற்றி வைத்தாரோ தெரியாது, அதனால் இதை ஒரு தடவை கொடுத்துவிடுவது நல்லது. ஏடிக்கு அடுத்து எம் எழுத்தும் 1-ம் போட்டால், இணைப்பு கிடைக்கும் வரை ஒலிபெருக்கி ஒலிக்கும். ஆரம்பத்தில் இதை அணைக்காதீர்கள். உங்கள் காதுதான் இனி முக்கியக் கருவி.

லைனில் ஏறுவது

தொலைபேசி வயரை மோடத்தில் லைன் என்று குறித்த துளையில் செருகுங்கள். ஃபோன் என்று குறித்தது, மோடத்தின் வழியாகச் சாதாரணத் தொலைபேசியை மாட்டுவதற்கு. அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் உள்ள டிஜிட்டல் இன்டர்காம் துளையில் மோடத்தைச் செருகவே கூடாது. மோடம் எதிர்பார்ப்பது சாதாரண அனலாக் லைன். டிஜிட்டல் லைனில் அது எரிந்துபோகலாம்.

மறுமுனை எதுவும் இன்னும் தேவையில்லை. முதலில் உங்கள் சொந்த மொபைலை அழையுங்கள். ஏடிக்கு அடுத்து டயல் என்பதன் முதலெழுத்து, அதற்கு அடுத்து டோன் என்பதன் முதலெழுத்து, அப்புறம் எண். இந்திய லேண்ட்லைன் என்றால், 2021 ஜனவரி 15 முதல் மொபைல் எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது விதி. மோடத்துக்கும் அது பொருந்தும். அலுவலக இணைப்பில் வெளி லைனுக்கு 0 அல்லது 9 அழுத்த வேண்டி இருந்தால், அந்த எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி போடுங்கள். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் மோடம் இரண்டு நொடி காத்திருக்கும்.

என்டர் தட்டிய பிறகு விசைப்பலகையைத் தொடாதீர்கள். டயல் செய்யும்போது ஏதாவது ஒரு விசையை அழுத்தினாலும் மோடம் அழைப்பைக் கைவிட்டுவிடும். அப்படி நேரும்போது 'நோ கேரியர்' (மறுமுனை மோடத்தின் சமிக்ஞை இல்லை) என்று வரும், லைன் கெட்டுவிட்டது என்று தோன்றும்.

மொபைல் மணி அடித்தால் இன்னும் ஒரு கண்ணி உறுதியாகிவிட்டது.

'நோ டயல்டோன்' என்று வந்தால் உடனே வயரைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் ஒரு சாதாரணத் தொலைபேசியை அதே வயரில் மாட்டிக் கேளுங்கள். டோன் நன்றாகக் கேட்கிறது, மோடத்துக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நாடுதான். அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு ஒலிகளின் கலவை. இந்திய டயல் டோன் 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும் 400 ஹெர்ட்ஸ் ஒலி. அமெரிக்கச் சந்தைக்கு அமைத்த மோடத்துக்கு நம் டோன் டோனாகவே தெரியாமல் போகலாம். ஏடிக்கு அடுத்து எக்ஸ் எழுத்தும் 3-ம் கொடுங்கள். டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய், ஆனால் எங்கேஜ்ட் ஒலியைக் கவனி என்பது அதன் பொருள். இந்த ஒரு கட்டளை எத்தனையோ மோடங்களைக் குப்பைத்தொட்டியில் இருந்து காப்பாற்றியிருக்கிறது.

அந்த இரைச்சலைக் கேட்பது

இப்போது உண்மையான மறுமுனை. டயல்-அப் எண் தரும் நிறுவனமோ பிபிஎஸ்ஸோ இருந்தால் அந்த எண்ணை அழையுங்கள். எதுவும் இல்லாவிட்டால், இரண்டு தொலைபேசித் துளைகள் உள்ள ஒரு இணையத் தொலைபேசிப் பெட்டியை வாங்கி, ஒரு துளையில் ஒரு மோடம், மற்றதில் இன்னொரு மோடம் என்று மாட்டி, ஒன்றில் இருந்து மற்றதை அழைக்கலாம். நான் வீட்டில் செய்திருப்பது இதுதான். டோன், மணி, லைனுக்கு வேண்டிய மின்சாரம் எல்லாவற்றையும் அந்தச் சின்னப் பெட்டியே தருகிறது. இரண்டாவது மோடத்தில், மணி அடிக்கிறது என்ற செய்தி திரையில் வந்ததும் ஏடிக்கு அடுத்து இன்னொரு ஏ எழுத்து அடித்தால் அழைப்பை எடுக்கும்.

ஒலியை வரிசையாகக் கேளுங்கள். டயல் டோன், எண்களின் பீப் பீப் ஒலி, மறுமுனையில் மணி. அப்புறம் கீச்சென்று ஒரே சுருதியில் நீளும் ஒலி. அது 2100 ஹெர்ட்ஸ் பதில் ஒலி. வழியில் உள்ள எதிரொலி நீக்கிகளை அணைக்கச் சொல்வதும் அதன் வேலைதான். அதற்குப் பின் இரண்டு மோடங்களும் 'உனக்கு எந்தத் தரநிலை தெரியும்' என்று மெதுவான வேகத்தில் கேட்டுக்கொள்கின்றன. பிறகு பல சுருதிகள் ஒன்றாக ஒலிக்கும். லைன் எந்த அலைவரிசைகளைச் சிதைக்கிறது என்று இரண்டு மோடங்களும் அளந்து பார்க்கின்றன. கடைசியில் வருவது அருவி விழுவது போன்ற இரைச்சல். அதோடு ஒலிபெருக்கி அணைந்து, திரையில் 'கனெக்ட்' என்று வரும்.

இந்த வரிசை எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பதில் ஒலியே வரவில்லை என்றால் எண் தவறு, அல்லது மறுமுனையில் மோடம் இல்லை. பதில் ஒலி வந்து, அளவெடுக்கும் ஒலிகள் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் 'நோ கேரியர்' என்று முடிந்தால் லைனின் தரம் போதவில்லை.

'கனெக்ட் 115200' என்று வந்தால் ஏமாற வேண்டாம். சில மோடங்கள் கணினிப் பக்கத்து வேகத்தையே அறிவிக்கும். பல மோடங்களில் ஏடிக்கு அடுத்து டபிள்யூ எழுத்தும் 2-ம் கொடுத்துவிட்டு டயல் செய்தால் லைனின் வேகத்தைச் சொல்லும். வீட்டில் இரண்டு மோடங்களை இணைத்தால் 33,600-க்கு மேல் வராது. 1998-இல் வந்த வி.90 தரநிலை 56,000 வரை போகும் என்றாலும், அதற்கு இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் டிஜிட்டல் இணைப்பாக இருக்க வேண்டும். அனலாக் ஒலியை எண்ணாக மாற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இரைச்சல் சேர்கிறது. நிறுவனம் டிஜிட்டலாக அனுப்பும்போது அந்த மாற்றம் ஒரு திசையில் நடப்பதே இல்லை. வேகம் கூடுவதும் அந்தத் திசையில் மட்டும்தான். அதனால்தான் வி.90-இலும் நீங்கள் அனுப்பும் பக்கம் 33,600-இலேயே நிற்கிறது.

ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைனும், நான் சொன்ன பெட்டியும், குரலைப் பொட்டலங்களாக்கி அனுப்புகின்றன. குரலைச் சுருக்கும் கோடெக் (ஒலியை எண்ணாக்கும் முறை) எதுவும் மோடத்துக்கு ஆகாது, அப்படிச் சுருக்காத ஜி.711 மட்டுமே வேண்டும். பெட்டியின் அமைப்பில் எதிரொலி நீக்கத்தையும் மௌன நேரச் சுருக்கத்தையும் அணைத்துவிடுங்கள். அப்போதும் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால் வேகத்தை நீங்களே 14,400 அல்லது 9,600-க்கு இறக்குங்கள். பல மோடங்களில் இதற்கான கட்டளை + குறியோடு எம், எஸ் எழுத்துகள். யூஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடங்களில் & குறியோடு என் எழுத்து. மதிப்புகள் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்து அறுந்து வரும் 33,600-ஐவிட நிலையாக நிற்கும் 9,600 எவ்வளவோ மேல்.

பிபிபி: ஒலியில் இருந்து இணையத்துக்கு

இணைப்பு கிடைத்ததும் மினிகாமில் ஒரு தடவை என்டர் தட்டுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். பயனர் பெயரைக் கேட்கும் வரி வரலாம். அல்லது ~ } # போன்ற குறிகள் நிறைந்த குப்பை மாதிரி ஏதோ கொட்டும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள். உண்மையில் அதுதான் நல்ல செய்தி. மறுமுனையில் பிபிபி ஓடத் தொடங்கிவிட்டது, உங்கள் பக்கத்துப் பிபிபியைக் கூப்பிடுகிறது. ஒரு நொடி கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, + குறியை மூன்று தடவை தட்டி, மறுபடி ஒரு நொடி காத்திருங்கள். ஓகே வரும். ஏடிக்கு அடுத்து எச் எழுத்து அடித்தால் லைன் வைக்கப்படும். மினிகாமை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் போர்ட்டை அதுவே பிடித்துக்கொண்டிருக்கும்.

நிர்வாகி அனுமதியோடு பிபிபிகான்ஃபிக்கைத் தொடங்குங்கள். அது கேள்வி கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் போதும். இணைப்பின் பெயரை 'ப்ரொவைடர்' என்றே விட்டுவிடுங்கள். பெயர்ச் சேவை (டிஎன்எஸ், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) முகவரிகளை மறுமுனையே தரட்டும் என்று டைனமிக் முறையைத் தேர்ந்தெடுங்கள். அடையாளச் சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் பிஏபி (பெயரையும் கடவுச்சொல்லையும் பிபிபியே அனுப்பும் முறை). மேலே சொன்ன சோதனையில் பயனர் பெயர் கேட்கும் வரி வந்திருந்தால் மட்டும் சாட் முறை (மறுமுனை கேட்கும் வரிகளுக்கு நிரலே பதில் அடிக்கும்). வேகம் 115200, டோன் முறை டயல், எண், போர்ட். மோடத்தைத் தொடக்கும் சரத்தில், முன்னால் எக்ஸ்3 தேவைப்பட்டிருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். பிழைத்திருத்தத் தகவலை இயக்கச் சொல்லும் விருப்பத்தையும் இயக்கிவிடுங்கள்.

இனி பான் என்று அடித்தால் (பி, ஓ, என்) இணைப்பு தொடங்கும். பிஆஃப் என்றால் வைக்கும். பிலாக் என்றால் என்ன நடந்தது என்று காட்டும். இந்தப் பதிவை வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 'சீரியல் லைன் இஸ் லூப்டு பேக்' என்று வந்தால், மறுமுனை இன்னும் பயனர் பெயர் கேட்கும் வரியிலேயே நின்று, நீங்கள் அனுப்புவதையே எதிரொலிக்கிறது. சாட் முறைக்கு மாற வேண்டும். எல்சிபி (பிபிபியின் தொடக்கப் பேச்சு) டைம்அவுட் என்றால் மறுமுனையில் பிபிபி தொடங்கவே இல்லை. பிஏபி தோல்வி என்றால் சந்தேகமே வேண்டாம், பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. மோடமும் லைனும் அவ்வளவு தூரம் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன.

டபிள்யூவிடயல் என்ற நிரல் உங்கள் விநியோகத்தில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். மோடத்தைத் தானே தேடி அமைப்புக் கோப்பை எழுதித் தரும். அந்தக் கோப்பில் எண், பெயர், கடவுச்சொல் வரிகளின் முன்னால் ஓர் அரைப்புள்ளி இருக்கும். விவரங்களை நிரப்பிவிட்டு அந்த அரைப்புள்ளியை நீக்க மறந்தால் வரி வேலை செய்யாது.

இணைந்த பிறகும் பக்கம் திறக்கவில்லையா?

ஐபி என்று அடித்து, இடம் விட்டு, ஏ எழுத்தைச் சேர்த்தால் பிபிபி0 என்ற இடைமுகமும் அதற்குக் கிடைத்த முகவரியும் தெரியும். முகவரி இருந்தும் எதுவும் போகவில்லை என்றால், வைஃபையோ ஈதர்நெட்டோ இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஒரு இயல்புப் பாதை (தரவு இணையத்துக்கு வெளியேறும் வழி) இருந்தால் பிபிபி அதை மாற்றாமல் விட்டுவிடும், பதிவிலும் அப்படியே எழுதியிருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள். 8.8.8.8-க்குப் பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் பெயர்ச் சேவை முகவரிகள் வந்து சேரவில்லை. ரிசால்வ் கான்ஃப் கோப்பில் கையால் ஒன்றை எழுதிச் சோதித்துப் பாருங்கள்.

33,600 பிட் என்பது நொடிக்குச் சுமார் 4 கிலோபைட். 2 மெகாபைட் கொண்ட ஒரு வலைப்பக்கம் இறங்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தானாக இயங்கும் புதுப்பிப்புகளை முதலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் லைன் முழுவதையும் அவையே எடுத்துக்கொள்ளும். லிங்க்ஸ், டபிள்யூ3எம் போன்ற எழுத்து உலாவிகள், மின்னஞ்சல், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியின் முனையத்தில் நுழையும் முறை), ஐஆர்சி (எழுத்து அரட்டை) ஆகியவை இந்த வேகத்தில் நன்றாகவே நடக்கின்றன. எஸ்எஸ்எச்-இல் அடிக்கும் எழுத்து ஒரு கணம் தாமதித்து வரும், பழகிவிடும்.

வீட்டில் இரண்டு கணினிகளை இணைக்கிறவர்கள் பதில் சொல்லும் பக்கத்தில் எம்கெட்டி என்ற நிரலை நிறுவுங்கள். மணி அடித்ததும் அழைப்பை எடுத்து, பயனர் பெயர் கேட்டு, சாதாரண முனையத்தைக் கொடுக்கும். அதன் லாகின் அமைப்புக் கோப்பில் ஆட்டோபிபிபி என்ற வரி முன்னால் # குறியோடு அணைக்கப்பட்டிருந்தால் அந்தக் குறியை நீக்குங்கள். எதிர்ப்பக்கம் பிபிபி பேசுவது தெரிந்தால் அது தானாகப் பிபிபியைத் தொடக்கிவிடும். ஆரம்பத்தில் முனையம் மட்டும் வரட்டும். அது வந்த பிறகு பிபிபியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் பிஆஃப் கொடுத்து லைனை வைத்தீர்களா என்று பாருங்கள். வெளிமோடத்தில் ஓஎச் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ரிசீவர் இன்னும் எடுத்த நிலையில்தான் இருக்கிறது, கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும். செம்புக் கம்பி லைன் உள்ள வீடுகளில் இடி இடிக்கும்போது மோடத்தை அணைத்தால் மட்டும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில், வேலை இல்லாத நேரத்தில் தொலைபேசி வயரைச் சுவரில் இருந்தே கழற்றி வைத்துவிடுங்கள். மின்னலின் அதிர்ச்சி அந்த வயர் வழியே வந்தால் மோடத்தோடு கணினியின் போர்ட்டும் சேர்ந்து போய்விடும்.